கிளைமேட் நல்லா இருக்கு

“இன்னிக்கு கிளைமேட் செமையா இருக்கு” என்று சென்னையின் மேற்குப் புறநகரான கரையான்சாவடியின் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் சொன்னால், கேட்பவர் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. வானம் மூடியிருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது, எந்த நேரமும் தூறல் விழலாம் என்று பொருள். இதையே எடின்பரோக்காரர் தன் பேச்சில் சொன்னால் அர்த்தம் தலைகீழாகிவிடும். மேகம் விலகிவிட்டது, வெயில் அடிக்கிறது, சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் மல்லாந்து படுக்கலாம் என்பதே அவருக்கு நல்ல கிளைமேட். மூட்டமும் நசநசப்புமான நாளைத் திட்டுவதற்கென்றே ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘டிரீக்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் திட்டும் அந்த நாளைத்தான் நாம் பஜ்ஜி போட்டுக் கொண்டாடுகிறோம். இவ்வளவு தூரம் எதிரெதிராக நிற்கும் இரண்டு ஊர்கள், ஒரு கேள்விக்கு மட்டும் ஒரே விடையை எழுதிவைத்திருப்பது வேடிக்கை. குடும்பத்தோடு வெளியே கிளம்பவும், செடி வைக்கவும், ஓடியாடி விளையாடவும் ஏற்ற பருவம் எது? கோடை என்கிறார்கள் அவர்கள். கோடை விடுமுறை, கோடைச் சுற்றுலா, கோடைக்கால விளையாட்டுப் பயிற்சி முகாம் என்று நாமும் அதையே எழுதுகிறோம். என் கட்சி வேறு. அவர்கள் ‘சம்மர்’ என்று சொல்லி மகிழும் பருவம் நமக்கு மார்கழிக் கடைசியில் தொடங்கி மாசியில் முடிந்துவிடுகிறது. நம் உடம்புக்கு இது தெரியும், நம் பண்டிகைகளுக்கும் தெரியும். சுவரில் தொங்கும் காலண்டருக்குத்தான் தெரியவில்லை.

உடனே எழும் மறுப்பு நினைவின் பெயரால் வரும். சின்ன வயது சந்தோஷமெல்லாம் மே மாதத்தில்தானே இருந்தது என்பார்கள். சென்னையின் மேற்குப் புறநகரில் வளர்ந்த எந்தத் தலைமுறையைக் கேட்டாலும் இதையே சொல்லும். அந்த நினைவைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அதில் என்னென்ன இருக்கின்றன? தண்ணீர் தெளித்த மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த இரவு. கேரம் போர்டு, தாயக்கட்டை, பல்லாங்குழி. சைக்கிளில் வந்த ஐஸ்காரர். பனை ஓலையில் பொட்டலம் கட்டிய நுங்கு. குளிரூட்டிய தியேட்டரில் ஒரே படத்தை இரண்டு முறை பார்த்தது. அதிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முன் முடிந்துபோன கிரிக்கெட். இந்தப் பட்டியலில் பகல் பதினொன்று முதல் நாலரை வரையிலான நேரம் எங்கே போனது? வீட்டுக்குள் அடைந்திருந்தது. நாம் இனிமையாக நினைத்துக்கொள்வது கோடையிலிருந்து தப்பித்த நேரங்களை. விடுமுறை தந்த சுதந்திரத்துக்கு உரிய நன்றியை நினைவு தவறுதலாக வெயிலின் கணக்கில் வரவு வைத்துவிட்டது. தொல்காப்பியம் இந்தத் தவறைச் செய்யவில்லை. வேனிலையும் நண்பகலையும் அது பாலைக்குக் கொடுத்தது, காரையும் மாலையையும் முல்லைக்குக் கொடுத்தது. பிரிவும் வழிப்பறியும் தாகமும் பாலையின் பொருள்கள். அங்கே யாரும் பிக்னிக் போவதில்லை.

எண்களும் அதையே சொல்கின்றன. மே மாதத்தில் சென்னையின் பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரியைத் தொடுகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஜனவரியில் பகலில் ஏறக்குறைய 29, விடியலில் 21. எடின்பரோவின் ஜூலைப் பகல் இருபதை ஒட்டி நிற்கும். ஸ்காட்லாந்தில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பம் 34.8 டிகிரி, 2022 ஜூலை 19 அன்று சார்ட்டர்ஹால் என்ற இடத்தில். அவர்கள் வரலாறு காணாத வெயில் என்று பதறிய அந்த அளவு நமக்கு ஒரு சாதாரண ஏப்ரல் பகல். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர்ப் பட்டியலில் ஏறிவிட்ட ஒரு பருவத்தை உல்லாசப் பருவம் என்று விளம்பரம் செய்வதில் எங்கோ கோளாறு இருக்கிறது.

அவர்கள் ஏன் கோடைக்காக உயிரை விடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களைக் கேலி செய்வதாக முடியும். அவர்களுக்கு அரிதாக இருப்பது சூடு மட்டுமில்லை, வெளிச்சமும்தான். எடின்பரோவில் டிசம்பர் பகல் ஏழு மணி நேரம்தான். ஜூனில் அது பதினேழரை மணி நேரமாக நீளும். அலுவலகம் முடிந்து, சாப்பிட்டு, அதற்குப் பிறகு கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய் இரவு ஒன்பதரை வரை விளையாடலாம். அந்த வெளிச்சத்தின் மீதிருந்த பேராசையில் கடிகாரத்தையே மாற்றிவிட்டார்கள். வில்லியம் வில்லட் என்ற இங்கிலாந்துக் கட்டடத் தொழிலதிபர் கோல்ஃப் பிரியர். காலை வெளிச்சம் தூக்கத்தில் வீணாகிறது, மாலை ஆட்டம் இருட்டில் நின்றுபோகிறது என்று பொறுக்கமாட்டாமல், கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்க வேண்டும் என்று 1907இல் ஒரு சிறுநூலே வெளியிட்டார். அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1916இல், பிரிட்டன் அதைச் சட்டமாக்கியது. போர்க்கால நிலக்கரிச் சிக்கனம் அதற்கு உடனடிக் காரணம் என்றாலும் விதை போட்டது இந்த மனிதர்தான். நம் கதை வேறு. சென்னையின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். சூரியன் ஒரு நாளும் லீவு எடுப்பதில்லை. நமக்கு அரிதானவை குளிர்ச்சியும் தண்ணீரும். 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த வாரங்களிலும், மழையை இன்னொரு நாள் வரச்சொல்லி விரட்டும் ஆங்கிலப் பாட்டை எத்தனை எல்.கே.ஜி. வகுப்புகளில் கைதட்டிப் பாடியிருப்பார்களோ.

சரி, வெள்ளைக்காரர்கள்தானே கோடையைக் கொண்டாடும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், அதுவும் பாதி உண்மைதான். கரையான்சாவடியை ஒட்டிய பகுதி இன்றும் கன்டோன்மென்ட் என்றே அழைக்கப்படுகிறது. கப்பலில் வந்திறங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் டிப்போவாகப் பூந்தமல்லி இருந்ததன் மிச்சம் அந்தப் பெயர். அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், எழும்பூரில் 1821இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், ஸ்காட்லாந்துக்காரர்களின் ‘கிர்க்’, நிற்கிறது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள் சென்னைக் கோடையை ஒரு நாளும் ரசிக்கவில்லை. ஓடினார்கள். சென்னை மாகாண அரசு கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் மலையேறி உதகையில் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. அங்கே கொஞ்சம் ஸ்காட்லாந்து கிடைத்தது. உதகைத் தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய மெக்ஐவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கோல்ஃப், நாய்களோடு நரி வேட்டை, மலர்க் கண்காட்சி எல்லாம் அந்தக் குளிரில்தான் முளைத்தன. 1895இல் கொடைக்கானலுக்கும் ஒரு கோல்ஃப் கிளப் வந்தது. நம் ‘கோடை விழா’க்களின் வேர் இங்கே இருக்கிறது. அந்த விழாக்கள் எங்கே நடக்கின்றன என்று கவனித்தால் சிரிப்பு வரும். உதகை, கொடைக்கானல், ஏற்காடு. கோடையே இல்லாத இடங்களில் நடக்கும் கோடை விழாக்கள் அவை. எல்லோரும் ஒரே மாதத்தில் அங்கே ஏறியதில், 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

சமவெளியில் விளையாட நினைத்தபோது அதே வெள்ளைக்காரர்கள் எந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என் வாதத்துக்கு வலுவான சாட்சி. ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் சேப்பாக்கத்தில் நடந்த பிரசிடென்சி மேட்ச், 1915இல் தொடங்கி, பின்னர் பொங்கல் நாட்களின் ஆட்டமாகவே நிலைத்தது. கரும்பும் கிரிக்கெட்டும் சென்னைவாசிகளின் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 1952வரை அது நடந்தது. பிறகு அந்த இடத்தைப் பொங்கல் டெஸ்ட் பிடித்துக்கொண்டது. தங்கள் ஊரில் ஜூலையில் ஆடுகிற ஆட்டத்தை இங்கே ஜனவரிக்கு மாற்றி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்களுக்குப் பருவ ஞானம் இருந்தது. அந்த ஞானத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சேப்பாக்கமே உதாரணம். 1986 செப்டம்பரில் நடந்த ஆஸ்திரேலிய டெஸ்டில் டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்தார். வாந்தி எடுத்துக்கொண்டே ஆடி, ஆட்டமிழந்த பின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். கிரிக்கெட் வரலாற்றின் இரண்டாவது டை ஆன டெஸ்ட் என்று புத்தகங்கள் அதைக் குறிக்கின்றன. அங்கே இருந்தவர்கள் முதலில் சொல்வது புழுக்கத்தைப் பற்றித்தான்.

தோட்டத்தின் பக்கம் வந்தால் என் வாதத்துக்கு ஒரு நெருடல் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இது பூக்களின் ஊர். பூவிருந்தவல்லி என்ற பெயர்தான் பூந்தமல்லி ஆகியிருக்கிறது. ராமானுஜர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பி இங்கே பிறந்து, நந்தவனம் வைத்து, காஞ்சிபுரத்து வரதராஜருக்குப் பூக் கொண்டுபோய்ச் சாற்றியவர் என்பது மரபு. கரையான்சாவடிக்கும் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கும் நடுவில் உள்ள இடத்தின் பெயர் முல்லைத்தோட்டம். அந்தப் பெயரில் மட்டுமே இப்போது முல்லை இருக்கிறது. ஆனால் மல்லிகை கோடைப் பூ. பங்குனி, சித்திரையில்தான் அது வெடித்துப் பூக்கும். மார்கழிப் பனியில் மொட்டு வைக்காமல், பூக்கடையில் அதன் விலை தங்கத்தோடு போட்டி போடும். மாம்பழமும் நுங்கும் கோடைக்காரர்கள்தான். ஆக, கோடைக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. வடாம், வற்றல், ஊறுகாய் எல்லாம் அந்த வெயிலின் தயவு. இருந்தாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மல்லிகையைப் பறிப்பவர் விடியலில் பறித்துவிட்டுப் போகிறார், நாம் மாலையில் சூடிக்கொள்கிறோம். கோடை தருவதை வாங்கிக்கொள்கிறோமே தவிர, அதற்குள் போய் உட்காருவதில்லை. மண்ணில் கை வைத்து வேலை செய்யும் சந்தோஷம், அதாவது ஸ்காட்லாந்துக்காரர் ஜூன் சனிக்கிழமையில் அனுபவிப்பது, நமக்கு வேறு மாதத்தில் கிடைக்கிறது. மாடித் தோட்டம் போட்டவர்களைக் கேட்டால் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் பச்சை வலைக்கு அடியில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிச் செடியை உயிரோடு வைத்திருப்பதே சாதனை. ஐப்பசி மழையில் தொட்டி அழுகாமல் தப்பித்துவிட்டால், மார்கழி, தை மாதங்களில் தக்காளி கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது, அவரைக்கொடி பந்தலை மூடுகிறது, சாமந்தி மஞ்சளாய்ப் பூத்துத் தள்ளுகிறது, சமவெளியில் காலிஃபிளவர்கூடத் தலை கட்டுகிறது. பொங்கல் குழம்பில் விழும் மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, பூசணி எல்லாம் இந்தப் பருவத்தின் கையெழுத்து.

அடுத்த மறுப்பு பக்தியிலிருந்து வரும். மார்கழி சாமிக்கு உரிய மாதம், அதில் கல்யாணம்கூட வைப்பதில்லை, உல்லாசத்துக்கு அதில் என்ன வேலை? ஆனால் மார்கழியில் நாம் செய்வதைப் பாருங்கள். ஆண்டின் மற்ற நாட்களில் எட்டு மணிக்குப் போர்வையை விலக்காதவர்கள் ஐந்து மணிக்குத் தெருவில் இருக்கிறார்கள். வாசலில் அரை மணி நேரம் குனிந்து கோலம் போடுகிறார்கள், பஜனை கோஷ்டி வீதியில் நடக்கிறது. இவ்வளவும் வீட்டுக்கு வெளியே நடப்பவை. பக்தி நம்மைத் தெருவுக்கு அழைத்து வந்திருக்கிறது, குளிர்ந்த காற்று அங்கேயே நிற்கவைக்கிறது. டிசம்பர் சங்கீத சீசனும் சாஸ்திரத்தில் சொன்னதன்று. 1927 கிறிஸ்துமஸ் வாரத்தில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. கோர்ட் விடுமுறையும் கூட்டமும் சேர்ந்து அந்த மாதத்தைத் தந்தன, சீதோஷ்ணம் அதை நிலைநிறுத்தியது. வெளிநாட்டுத் தமிழர்கள் ஊருக்கு வரத் தேர்ந்தெடுப்பதும் இந்த மாதங்களைத்தான். வேடந்தாங்கலுக்கு வடக்கிலிருந்து வரும் பறவைகளும் அப்படியே. யாரும் அவற்றிடம் சம்மர் பேக்கேஜ் விற்க முடியாது.

மழையைச் சொல்லி மறுப்பவர்களுக்குப் பாதி ஒப்புக்கொள்கிறேன். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீரை அடையாற்றுக் கரை மறக்காது. ஆகவேதான் மார்கழிக் கடைசி என்று எல்லை வைத்தேன். தை பிறந்தால் மழை ஓய்ந்துவிடுகிறது, ஏரி நிறைந்திருக்கிறது, கொசுவைத் தவிர எதிரி இல்லை. போகிப் புகையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டின் மிக நல்ல காற்றை டயர் கொளுத்தி வரவேற்பவர்கள் உலகத்தில் நாம் மட்டும்தானோ என்னவோ. 2018இல் அந்தப் புகையால் சென்னை விமானங்களே தடுமாறின.

பிள்ளைகளுக்கு மே மாதத்தில் விடுமுறை விடத்தானே வேண்டும், தகரக் கூரை வகுப்பில் எப்படி உட்காருவார்கள் என்ற கேள்வி நியாயமானது. விடுமுறையை மாற்றச் சொல்லவில்லை. வெயிலுக்குப் பயந்து விட்ட விடுமுறையை வெயிலில் அலைய விட்ட விடுமுறையாகப் புரிந்துகொண்டதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு தை, மாசியில் நடக்கிறது. ஆண்டிலேயே வெளியில் ஓட உகந்த அந்த எட்டுப் பத்து வாரங்களில்தான் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, அதிகாலை ஸ்பெஷல் கிளாஸ். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வதும் அப்போதுதான். மார்ச்சில் பரீட்சை எழுதி முடித்து, வெளியே வந்து கண்ணைத் திறந்தால் வெயில் கொளுத்துகிறது. உடனே ‘சம்மர் கேம்ப்’ நோட்டீஸ் கையில் வருகிறது. ஜனவரியில் வாரத்துக்கு இரண்டு மாலைகளை மைதானத்துக்கு விட்டுக்கொடுத்தால் மதிப்பெண் எவ்வளவு குறைந்துவிடும்? பெரிதாகக் குறையாது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி மறுப்பு காசைப் பற்றியது, அதுதான் கனமானது. கோல்ஃபும் தோட்டமும் சுற்றுலாவும் வசதியானவர்களின் பேச்சு, ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடும் திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளிக்குப் பருவம் என்ன பருவம் என்பார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் அப்படி மட்டும் வளரவில்லை. மக்கள் வில்வித்தை பழகாமல் கோல்ஃபிலும் கால்பந்திலும் பொழுதைப் போக்குகிறார்கள் என்று 1457இலேயே அந்நாட்டு அரசர் தடை போட வேண்டியிருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் பொதுமக்களின் கடற்கரை நிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அங்கே ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் நாயோடும் குழந்தையோடும் நடக்கிறார்கள். எடின்பரோ நகராட்சி பிரெய்ட் குன்றுகளில் 1889இலேயே பொது கோல்ஃப் திடல் திறந்தது. 2003இல் வந்த ஸ்காட்லாந்து நிலச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்பவர் யாராயிருந்தாலும் பெரும்பாலான திறந்த வெளிகளில் நடக்கலாம் என்கிறது. இங்கே கோல்ஃப் வந்தபோது அதன் புல் வந்தது, அந்தப் பொதுத்தன்மை வரவில்லை. கிண்டியில் ரேஸ் மைதானத்துக்குள் இருக்கும் கோல்ஃப் திடலைச் சென்னைவாசிகளில் பெரும்பாலோர் வேலிக்கு வெளியிலிருந்துதான் அறிவார்கள். 2024 செப்டம்பரில் அங்கே 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்ததும் வழக்குகள் கிளம்பின. ஷிப்ட் தொழிலாளிக்கு மட்டையும் கிளப் உறுப்பினர் அட்டையும் தேவையில்லை. வாரத்தில் கிடைக்கும் ஒரு மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போக, டிக்கெட்டுக்கு யோசிக்க வேண்டாத ஓர் இடம் வேண்டும். கரையான்சாவடியிலிருந்து ஆவடி சாலையில் போனால் பருத்திப்பட்டு ஏரி. 2019இல் அதைச் சுற்றி நடைபாதையும் பூங்காவும் அமைத்தார்கள். தை மாத மாலையில் அங்கே நடப்பவர்களின் கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பருவத்துக்கு யாரும் விளம்பரம் செய்யத் தேவையில்லை என்று புரியும். இன்னும் நாலு ஏரிக்கரைகளுக்கு விளக்கும் கழிப்பறையும் உட்கார ஒரு திட்டும் வந்தால், பாதி வாதத்தை நான் எழுதவேண்டியதே இல்லை.

காணும் பொங்கல் மட்டும் எல்லாக் காலண்டர் குழப்பத்துக்கும் தப்பி நிற்கிறது. ஜனவரி நடுவில், ஏறக்குறைய இந்த ஊரின் மிக நல்ல வானத்துக்குக் கீழே, வீட்டில் யாரும் இருக்கக் கூடாது என்று விதித்த நாள் அது. மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் என்று ஊரே கிளம்பும். கட்டுச்சோறு, கரும்புத் துண்டு, தொலைந்துபோன குழந்தையை ஒலிபெருக்கியில் அழைக்கும் போலீஸ் குரல். கரையான்சாவடிக்காரர்களுக்கு இதில் பஸ்ஸைப் பிடிப்பதுதான் பாதி யுத்தம். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26 கிலோமீட்டர் நீளத் தடம் வருகிறது. ஒரு முனையில் மெரினா. மறுமுனைக்குச் சற்று முன்னால் காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, முல்லைத்தோட்டம் என்று வரிசையாக நிலையங்கள். வழிப்போக்கர் தங்கிப் போகவென்று இருந்த சாவடிகள் இரண்டு, பூ இல்லாத தோட்டம் ஒன்று. தை மூன்றாம் நாள் காலையில் இந்த நிலையங்களில் தூக்குவாளியோடு நிற்கப்போகும் கூட்டத்துக்கு எத்தனை பெட்டி வைத்தாலும் போதாது.